பகலைப் பொறுப்போம், இரவைக் கேட்டுப் பெறுவோம்!



உங்கள் தெருவை அடுத்துப் பல்கலைக்கழகம் ஒன்று புதிய ஆய்வுக்கூடமோ மாணவர் விடுதியோ எழுப்பத் தொடங்கியிருக்கிறதா? அப்படியானால் இனி மாதக்கணக்கில் பேரோசையே உங்கள் அண்டை வீட்டார்! தொட்டிலில் பச்சிளங்குழந்தை, பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மகள், நோயுற்ற மாமியார் என மூவரையும் ஒரே கூரையின்கீழ் பேணும் ஒரு தாயின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய வேளையில் நம்மில் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு வாளாவிருப்பர். சிலர் ஒருநாள் பொறுமையிழந்து, ஒன்றுமறியாத வாயிற்காவலரை ஏசிவிட்டுத் திரும்புவர். இரண்டாலும் பயனில்லை. பொறுக்க வேண்டியது எது, பொறுக்க வேண்டாதது எது என்று பிரித்தறிவதே முறை.

சட்டம் அதைப் பிரித்தே வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், மற்ற நேரத்தில் 45 டெசிபல் என்பதே வரம்பு. பத்து டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். 2010ஆம் ஆண்டின் திருத்தமோ, ஓசை எழுப்பும் கட்டுமானக் கருவிகளைக் குடியிருப்புப் பகுதியில் இரவில் இயக்கவே கூடாது என்கிறது. ஆக, இரவின் அமைதி யாரும் நமக்கு இடும் சலுகையன்று, நம் உரிமை!

பின் ஏன் நள்ளிரவிலும் இயந்திரம் உறுமுகிறது? தளம் போடும் கான்கிரீட் பணியைத் தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்த இயலாது. நிறுத்தினால் பழைய கலவையும் புதிய கலவையும் சரிவர ஒட்டாமல் இணைப்பு வலுவிழக்கும். நண்பகலில் தொடங்கும் வேலை நள்ளிரவைத் தொடுவது இதனால்தான். அதையே காலையில் தொடங்கினால் இரவுக்குள் முடிக்கலாம் அல்லவா?

எனவே மஹல்லாவாசிகள் நால்வர் கூடிக் கையொப்பமிட்டு, பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் களப் பொறியாளருக்கும் மடல் கொடுங்கள். தளம் போடும் பணியைக் காலையிலேயே தொடங்குதல், ஜெனரேட்டரையும் கல் அறுக்கும் இயந்திரத்தையும் வீடுகளுக்கு எதிர்ப்புறம் நகர்த்துதல், பாறை உடைக்கும் நாட்களை முன்கூட்டி அறிவித்தல் ஆகிய மூன்றையும் கனிவுடன் கேளுங்கள். இரவில் ஓசை எழுந்த தேதியையும் நேரத்தையும் குறித்து வாருங்கள். மடலுக்குப் பலனில்லையெனில், அக்குறிப்புடன் மாவட்ட ஆட்சியரிடமோ காவல்துறை உயர் அதிகாரியிடமோ முறையிடலாம்.

பகல் ஓசைக்கு வீட்டுக்குள்ளேயே வழி தேடுங்கள். படிப்பையும் நோயாளியின் கட்டிலையும் எதிர்ப்புற அறைக்கு மாற்றுங்கள். கதவிடுக்கையும் சன்னல் இடுக்கையும் அடையுங்கள். காற்று நுழையும் வழியே ஓசையும் நுழையும். தொழிலாளர் உணவருந்தும் இடைவேளை எப்போதெனக் கேட்டறிந்து, குழந்தையை அவ்வேளையில் உறங்க வையுங்கள்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். நாம் சுவருக்கு அப்பால் இருந்து கேட்கும் ஓசையை அத்தொழிலாளி கையிலேயே பிடித்திருக்கிறார். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நிற்பவரின் செவி நாளடைவில் பழுதுபடும். காதடைப்பான் தருகிறார்களா என்று அவருக்காகவும் அம்மடலில் ஒரு வரி சேருங்கள். நாம் கேட்டுப் பெறும் இரவு, அவரும் உறங்குவதற்கான இரவுதானே!