வாழ்த்து நம் கையால் ஆகட்டும்!



சிலைத் திங்கள் பிறந்துவிட்டது. சுறவம் முதல் நாளாம் பொங்கல் திருநாளுக்கு இன்னும் ஒரு திங்கள்கூட இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் புதுப்பானை வாங்குவதும் பற்றிப் பலரும் எண்ணத் தொடங்கியிருப்பர். நாம் இவ்விதழில் எண்ண விழைவது மிகச் சிறிய பொருள் ஒன்றைப் பற்றி. அது வாழ்த்தட்டை.

இதற்கும் ஓர் ஆசிரியவுரையா என்று சிலர் நகைக்கலாம். ஆனால், ஒரு மொழி மேடையிலிருந்து முதலில் இறங்குவதில்லை. கடைப்பலகையிலிருந்து இறங்குகிறது, அழைப்பிதழிலிருந்து இறங்குகிறது, உற்றாருக்கு விடுக்கும் வாழ்த்திலிருந்து இறங்குகிறது. மேடையில் அது நின்றுகொண்டிருப்பதைக் கண்டு நாம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து வெளியேறிவிடுகிறது.

1980-களில் பள்ளி மாணவராய் இருந்தோர் நினைவுகூர்வர். பொங்கல் நெருங்கினால் கடைத்தெருவெங்கும் கயிறு கட்டி வாழ்த்தட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். சிவகாசி அச்சகங்களிலிருந்து அவை கட்டுக்கட்டாய் வந்து குவியும். கரும்பும் காளையும் பொங்கற்பானையும் அவற்றில் இருந்தன. திரைப்பட நடிகர் முகங்களும் இருந்தன. படம் தமிழ்நாட்டுப் படமாயினும் வாழ்த்து ஆங்கிலத்தில் இருந்த அட்டைகளும் உண்டு. ஆயினும் அவ்வட்டைகளால் ஒரு நன்மை விளைந்தது. பெறுவோர் பெயரையும் ஊரையும் விடுப்போர் தம் கையால் எழுதியே ஆகவேண்டும். இன்று அவ்வொரு வரியும் போயிற்று. செல்பேசிப் புலனத்தில் எவரோ விடுத்த படத்தை எவருக்கோ தள்ளிவிடுகிறோம். இவ்வுரை எழுதுவோனும் சென்ற பொங்கலன்று அதைத்தான் செய்தான். நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அச்சிட்ட வாழ்த்தட்டை எதற்காகப் பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். 1843-இல் இலண்டனில் என்றி கோல் என்பார், தமக்கு வந்த மடல்களுக்கெல்லாம் மறுமொழி எழுத நேரமின்மையால், ஆர்சிலி என்னும் ஓவியரைக்கொண்டு கிறித்துப் பிறப்புவிழா அட்டை ஒன்றை வரைவித்து, ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டார். எஞ்சியவை படி ஒரு சில்லிங்கு விலைக்கு விற்கப்பெற்றன. ஆக, எழுதும் கையின் உழைப்பைக் குறைக்கவே அச்சட்டை வந்தது. அதை முற்றாகவே ஒழித்தது செல்பேசி. உழைப்பு ஒழிந்தால் என்ன கேடு என வினவுவோர், எம் வகுப்பறையில் நடந்ததைக் கேட்கவேண்டும்.

ஏழாம் வகுப்பு மாணவரிடம், ஊரிலுள்ள பாட்டிக்குப் பொங்கல் வாழ்த்து எழுதுமாறு கூறினோம். ஒருவன் 'வால்த்து' என்று எழுதியிருந்தான். பேசுங்கால் அவன் நன்றாகவே பேசுகிறான். செல்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தால் அடித்துப் பழகிய கை அது. சிவப்பு மையால் அடித்துத் திருத்தினால் மறுநாளும் வால்தான் முளைக்கும் என்பது எம் பட்டறிவு. ஆகவே, ஆளுக்கோர் அழிப்பான் கட்டையையும் சிறு கத்தியையும் கொணரச் செய்து, வாழ்த்துச் சொல்லைத் தாங்களே செதுக்கிப் பதிக்குமாறு பணித்தோம்.

முதற்பதிவு விழுந்ததும் அவன் திகைத்தான். "ஐயா, எழுத்து இடவலம் மாறி விழுகிறதே!" என்றான். செதுக்குங்கால் எழுத்தை மாற்றிச் செதுக்கினால்தான் பதியுங்கால் நேராக விழும். மெல்லிய தாளில் கரிக்கோலால் அழுத்தி எழுதி, எழுதிய முகத்தைக் கட்டைமேல் கவிழ்த்துத் தேய்த்தால், எழுத்து மாறிய வடிவில் கட்டையில் ஒட்டிக்கொள்ளும். எழுத்தை விடுத்துச் சுற்றுப்புறத்தைச் செதுக்கிவிட்டால் பொறி ஆயத்தம். 'பொ' செதுக்கும்போது கால் இடப்புறமும் கொம்பு வலப்புறமும் அமையும். அதைச் செய்த பிள்ளைக்கு அவ்வெழுத்தின் உறுப்புகள் இறுதிவரை மறவா. ழகரத்தின் அடிச்சுழிப்பைக் கத்தி முனையால் சுற்றி வந்தவன் அதன்பின் அதைப் பிறழ எழுதியதில்லை. கை கற்றதைக் கை மறவாது.

மற்றவை எளியன. 18-க்கு 14 செ.மீ. அளவுள்ள தடித்த தாளை நடுவில் மடித்தால் 9-க்கு 14 செ.மீ. அட்டை கிடைக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்துப் பதித்தால் ஐவிதழ்ப் பூ மலரும். உருளைக்கிழங்கை இரண்டாய் வெட்டிப் பானை வடிவில் செதுக்கலாம். வெட்டுமுகத்து ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுக்காவிடில் மை பரவிவிடும். கெட்டியான கஞ்சியில் மஞ்சளைக் குழைத்தால் மஞ்சள் நிறம். சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் செந்நிறம். பள்ளி அலுவலகத்தில் கோப்பிலிடத் தாளுக்குத் துளையிடும் கருவி இருக்கும். பழைய நாட்காட்டித் தாளை அதில் துளைத்தால் உதிரும் சிறு வட்டங்களை எறிந்துவிடாதீர். அவற்றை வரிசையாக ஒட்டி, கரிக்கோலால் சுற்றிக் கோடிழுத்தால் அட்டைமேல் புள்ளிக்கோலம் எழும்!

இவற்றுக்கான சொற்களும் நம்மிடமே உள. 'ஸ்டாம்ப்' என்போர்க்குத் தமிழ் கூறப் புகுந்து 'முத்திரை' என்பர், அதுவும் வடசொல்லே. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதி இறக்குமதிப் பண்டங்கள்மீது சோழனின் புலியடையாளம் இடப்பெற்றதைப் பட்டினப்பாலை கூறும். அங்குப் பயின்ற சொல் 'பொறி'. பதிக்கும் கட்டை பொறிக்கட்டை, துளையிடுவது துளைப்பான், 'காகிதம்' என்னும் அயற்சொல்லுக்கு ஈடாகத் 'தாள்'. நெல்லின் அடியையும் தாள் என்கிறோம். உழவர் திருநாளுக்கு இதனினும் பொருந்திய சொல் எது? கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்யும் அரசு நிறுவனம் 1979-இல் தொடங்கப்பெற்று, இன்றைய கருவூர் மாவட்டத்துப் புகழூர்ப் பக்கம் ஆலை நடத்துகிறது. பொங்கலுக்கு நாம் கடித்துத் துப்பும் கரும்பே வாழ்த்தெழுதும் தாளாகவும் ஆகவல்லது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எழுதுங்கால் ஒன்று கருதுக. 'வாழ்த்துக்கள்' என ஒற்று மிகுத்து எழுதுவோர் உளர். 'கள்' இங்குத் தனிச்சொல் அன்று, பன்மை ஈறு. எனவே, 'வாழ்த்துகள்' என்றெழுதுவதே நம் கொள்கை. மிகுத்தால் வாழ்த்தோடு குடிக்கும் கள்ளும் வந்து சேரும்! அட்டையின் கீழே திருவள்ளுவர் ஆண்டையும் குறிக்கச் செய்க. பொங்கல் முதல், கிறித்தவ ஆண்டோடு 31 கூட்டினால் அது கிடைக்கும்.

நேரம் இல்லை என்பர் சிலர். ஓர் அட்டைக்கு அரைமணி நேரம் போதும். அவ்வரைமணி நேரந்தான் வாழ்த்து. எஞ்சியதெல்லாம் தாளும் மையுமே. இக்கைத்தொழிலுக்கென்றே அழகழகான பொறிகளும் துளைப்பான்களும் கடைகளில் பெட்டியாய்க் கிடைக்கின்றனவே என்பர் வேறு சிலர். அவற்றில் வெட்டியுள்ள சொல் ஆங்கிலமாயின் அப்பெட்டி நமக்கு எதற்கு? சற்றுக் கோணலாயினும் நம் பிள்ளை செதுக்கிய ழகரமே நமக்கு அழகு.

1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். பிறரைத் திருத்துமுன் தம்மிடமிருந்து தொடங்கினார். நாமும் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். இப்பொங்கலுக்குப் படம் தள்ளுவதை நிறுத்துவோம். ஒவ்வொருவரும் ஐந்து அட்டைகளேனும் கையால் செய்து, கையால் எழுதி, அஞ்சல் தலை ஒட்டி விடுப்போம். ஆசிரியத் தோழர்கள் இத்திங்களில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவார்களாக. பெற்றோர் தம் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து செதுக்குவார்களாக.

எழுதும் கை உள்ளவரைதான் எழுத்து. அக்கையை நம் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுப்போம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!