'எல்லா சாஃப்ட்வேரும் ஓடும்' என்றால் உடனே நம்பாதீர்கள்!

புதிதாக லேப்டாப் வாங்கக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "மேக்புக் வாங்கினால் அதற்குள்ளேயே விண்டோஸும் போட்டுக் கொள்ளலாமாமே? கடையில் சொன்னார்கள்." ஸ்நாப்டிராகன் ப்ராசசர் உள்ள விண்டோஸ் லேப்டாப் பார்த்து விட்டு வருபவர்களும் இதே போலக் கேட்கிறார்கள். "பழைய சாஃப்ட்வேர் எல்லாம் இதில் ஓடுமாமே?"

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. இந்த மாதிரி மெஷின் வாங்குகிறவருக்கு மீதிப் பாதியையும் சொல்லி விட்டுத்தான் பில் போட வேண்டும் என்பது என் கருத்து. அந்த மீதிப் பாதி என்ன என்று பார்ப்போம்.

இரண்டு மொழி, இரண்டு ப்ராசசர்

நம் வீட்டு பி.சி.க்களில் காலம் காலமாக இருப்பது இன்டெல், ஏ.எம்.டி. கம்பெனிகளின் ப்ராசசர்கள். இவை இரண்டும் புரிந்து கொள்ளும் கட்டளை மொழிக்கு எக்ஸ்86 என்று பெயர். செல்போன்களில் இருப்பது ஏ.ஆர்.எம். என்ற வேறு மொழி பேசும் ப்ராசசர். குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை செய்யும். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப்பை மேக் கம்ப்யூட்டர்களில் வைத்தது. 2024 ஜூனில் ஸ்நாப்டிராகன் எக்ஸ் சிப்புடன் விண்டோஸ் லேப்டாப்கள் வந்தன. ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரும் இதே ஏ.ஆர்.எம். குடும்பம்தான்.

பேட்டரி நீண்ட நேரம் நிற்கிறது, சூடு குறைவு. மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. இந்த நல்ல குணங்களை நான் மறுக்கவில்லை. நானே அலுவலகத்தில் இப்படிப்பட்ட மெஷினில்தான் புரோகிராம் எழுதுகிறேன். கேள்வி எல்லாம், இதற்குள் இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டும்போது என்ன நடக்கிறது என்பதுதான்.

போர்ஷனும் துபாஷியும்

விர்ச்சுவல் மெஷின் என்பது நம் வீட்டில் ஒரு போர்ஷனைத் தடுத்து வாடகைக்கு விடுவது போல. கட்டடம் ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டியும் கரண்ட் மீட்டரும் ஒன்றுதான். ஆனால் குடியிருப்பவர் தனி வீடு என்றே நினைத்துக் கொள்வார். அது போல உங்கள் மெமரியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பங்கை ஒதுக்கி, அதில் இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் குடி வைக்கிறோம். ப்ராசசரும் குடியிருப்பவரும் ஒரே மொழி பேசினால் வேகம் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைக்கும். காரணம், உள்ளே இருக்கும் சிஸ்டத்தின் கட்டளைகள் பெரும்பாலும் நேராக ப்ராசசருக்கே போகின்றன.

மொழி வேறானால் நடுவே ஒரு துபாஷி உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு எமுலேஷன் என்று பெயர். வேலை நடக்கும், ஆனால் நகர்ந்து நகர்ந்து நடக்கும். பேரலல்ஸ் கம்பெனி 2025 ஜனவரியில் எக்ஸ்86 விண்டோஸை ஆப்பிள் சிப் மேக்கில் ஓட்டும் வசதியைச் சோதனை நிலையில் வெளியிட்டபோது, மிகவும் மெதுவாக இருக்கும் என்று அவர்களே சொல்லி விட்டார்கள்.

எனவே கடைக்காரர் "விண்டோஸ் ஓடும்" என்று சொல்வது, நீங்கள் இதுவரை பார்த்த விண்டோஸை அல்ல; ஏ.ஆர்.எம்.முக்கென்றே தயாரித்த விண்டோஸ் 11-ஐ. இது மேக்கில் பேரலல்ஸ் மூலம் ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. அந்த விண்டோஸுக்குள் ஒரு துபாஷி இருக்கிறார். எக்ஸ்86 சாஃப்ட்வேர்களை அவர் மொழிபெயர்த்து ஓட்டுவார். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் இவருக்கு ப்ரிசம் என்று பெயர். சாதாரண சாஃப்ட்வேர்களை இவர் நன்றாகவே ஓட்டுகிறார்.

துபாஷி நுழைய முடியாத இடம்

ஒன்றே ஒன்று இவரால் முடியாது. அது டிரைவர். பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள் போன்ற கருவிகளோடு பேசும் டிரைவர்களில் பல, விண்டோஸின் அடிவயிற்றில் இருந்து வேலை செய்பவை. அங்கே மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. கம்பெனி ஏ.ஆர்.எம்.முக்குத் தனியாக டிரைவர் எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் பெரியம்மா மகன் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போடும் தொழில் செய்கிறார். சீட்டு எடுத்த பணத்தில், "எல்லாம் ஓடும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஏ.ஆர்.எம். லேப்டாப் ஒன்றை வாங்கி வந்தார். டிசைன் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆனது, திறக்கவும் செய்தது. ஆனால் அந்த சாஃப்ட்வேருக்கு யு.எஸ்.பி. டாங்கிள் செருகினால்தான் உயிர் வரும். டாங்கிளின் டிரைவர் எக்ஸ்86-க்கு மட்டுமே இருந்தது. கடையில் திருப்பி எடுத்துக் கொள்ளவில்லை. இப்போது அந்த லேப்டாப்பில் அண்ணன் மகள் பாடம் படிக்கிறாள். அண்ணன் பழைய பி.சி.யையே தட்டிக் கொண்டிருக்கிறார். மெஷின் மேல் குற்றம் சொல்ல முடியாது. "என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவருடைய சீட்டுப் பணம் தப்பித்திருக்கும்.

ஆன்லைன் பரீட்சைக்கான சில சாஃப்ட்வேர்களும் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்து ஓட மறுத்து விடும். கல்லூரி மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மெமரிக் கணக்கு

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச மெமரி 4 ஜி.பி., இடம் 64 ஜி.பி. உங்கள் மெஷினில் இருப்பதே 8 ஜி.பி. என்றால் பாதி போர்ஷனுக்கே போய் விடும். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து திணறுவார்கள். மேக்புக்கில் பிறகு மெமரி கூட்ட வழியில்லை. வாங்கும்போதே 16 ஜி.பி.யாக வாங்க வேண்டும். விண்டோஸ் லைசென்ஸ் தனிச் செலவு. பேரலல்ஸுக்கும் பணம் கட்ட வேண்டும். விலை ஒப்பிடும்போது இதையெல்லாம் கூட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு.

இலவசமாகவும் வழி இருக்கிறது. யு.டி.எம். என்ற சாஃப்ட்வேரை அதன் சொந்தத் தளத்தில் பணம் கட்டாமல் எடுக்கலாம். வி.எம்.வேர் ஃப்யூஷன் 2024 மே முதல் சொந்த உபயோகத்துக்கு இலவசம். அந்த ஆண்டு நவம்பரில் எல்லோருக்குமே இலவசமானது. விர்ச்சுவல்பாக்ஸ் 2024-ல் 7.1 பதிப்பிலிருந்து ஆப்பிள் சிப் மேக்குகளில் ஏ.ஆர்.எம். சிஸ்டங்களை ஓட்டுகிறது.

இது புது வித்தையும் அல்ல. 1997-லேயே விர்ச்சுவல் பி.சி. என்ற சாஃப்ட்வேர் அன்றைய பவர்பி.சி. மேக்கில் விண்டோஸை எமுலேஷன் மூலம் ஓட்டியது. 2006-ல் ஆப்பிள் இன்டெல்லுக்கு மாறியதும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்றைய வசதிகளுக்கும் ஆயுள் நிரந்தரம் அல்ல. பழைய இன்டெல் மேக் சாஃப்ட்வேர்களை மொழிபெயர்க்கும் ரொசெட்டாவை மேக் ஓ.எஸ். 27 வரைதான் முழுதாக வைத்திருப்போம் என்று 2025-ல் ஆப்பிள் அறிவித்து விட்டது. பிழைப்பை இன்னொருவர் தரும் துபாஷியின் மேல் கட்டுவது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் விர்ச்சுவல் மெஷின் வீணா?

இல்லவே இல்லை. கற்றுக் கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ்கள் எல்லாவற்றுக்கும் ஏ.ஆர்.எம். பதிப்பு இருக்கிறது, எல்லாம் இலவசம். டவுன்லோட் செய்யும்போது ஃபைல் பெயரில் ஏ.ஆர்.எம்.64 அல்லது ஏஆர்ச்64 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.எம்.டி.64 என்றிருந்தால் அது எக்ஸ்86-க்கானது, பெயர்தான் ஏ.எம்.டி., இன்டெல்லுக்கும் அதுவே. போர்ஷனுக்குள் எதை அழித்தாலும், எதை உடைத்தாலும், ஒதுக்கிய இடத்தோடு போகும். கல்யாண போட்டோக்களுக்கு ஆபத்தில்லை. தொடங்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் ஒரே க்ளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

என் முடிவு இதுதான். ஒரு கம்ப்யூட்டரை, அதில் பிறவியிலேயே இருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காக வாங்குங்கள். போர்ஷனில் ஓடுவதை உபரி லாபமாக வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் சம்பாத்தியமோ படிப்போ ஒரே ஒரு எக்ஸ்86 சாஃப்ட்வேரை, ஒரே ஒரு டாங்கிளை நம்பி இருந்தால், யார் என்ன சொன்னாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. மெஷினே வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நீங்கள் தினமும் உபயோகிக்கும் சாஃப்ட்வேர்களையும் செருகும் கருவிகளையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஏ.ஆர்.எம். டிரைவர் உண்டா?" என்று தயாரித்த கம்பெனியிடமே கேட்டு எழுதுங்கள். கேட்பதற்குக் காசு கிடையாது.