ஒயர் திருடனுக்கு ஜெயில், கூலியை நிறுத்தினவனுக்கு என்ன?



கிணத்து மோட்டார் ஒயரை அறுத்துக்கிட்டுப் போறான். பட்டியில் ஆட்டைத் தூக்குறான். ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதோடு சரி. எஃப்.ஐ.ஆர். கேட்டால், "யார் மேல சந்தேகம், பேரைச் சொல்லு" என்கிறார்கள். நாமும் யோசிக்காமல் காலனியைக் காட்டுகிறோம். ஊருக்கு வெளியே கொட்டாய் போட்டிருக்கிறவனைக் காட்டுகிறோம்.

இப்படிக் கைகாட்டுவதை வெள்ளைக்காரன் சட்டமாகவே போட்டான். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் நம்ம சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த சாதிக்காகக் கைரேகை! ராத்திரி போலீஸ் கச்சேரியில் படுக்கை! எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி சுட்டுத் தள்ளினார்கள். 1947-ல் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது. சட்டம் செத்தும், நம்ம கை இன்னும் அதே தெருவைத்தான் காட்டுது.

பசிச்சவனெல்லாம் திருடுவதில்லை. பட்டினி கிடந்தும் அடுத்தவன் வரப்பில் கீரை கிள்ளாதவர்கள்தான் நம்ம ஊரில் அதிகம். ஆனாலும் வேலையும் கூலியும் நின்றால் களவு ஏறும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தானிய விலை ஏற ஏற, தானியக் கொள்ளையும் ஏறியது. அது வெள்ளைக்காரப் போலீஸ் எழுதி வைத்த கணக்கு, நாம் சொன்னதல்ல.

இப்போது நடந்ததைப் பாருங்கள். 2005 வேலை உறுதிச் சட்டம் 15 நாளில் கூலி தரணும் என்றது. 2024 கடைசியிலிருந்து மாசக்கணக்கில் கூலி வராமல் கிடந்தது. தமிழ்நாட்டுக்கு ரூ.1,056 கோடி பாக்கி என்று 2025 ஜனவரியில் முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தாமதத்துக்கு நஷ்டஈடு என்ன தெரியுமா? நாளுக்கு 0.05 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு ஐம்பது காசு! ஒயரைத் திருடினவனுக்கோ மூணு வருசம் வரை ஜெயில்.

திருடினவனை விடச் சொல்லவில்லை. ஒயர் போனால் நம்ம பயிர் காயுது, வயிறு எரியுது. ஆனால் ரப்பரை எரிச்சு எடுத்த செம்பைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்குகிறானே, அவன் கடைப் பக்கம் போலீஸ் எட்டிப் பார்க்குதா? லாபம் அங்கேதானே!

ஒவ்வொரு களவுக்கும் எஃப்.ஐ.ஆர். போடு! பழைய இரும்புக் கடை வரவுக் கணக்கைச் சோதனை போடு! கூலிப் பாக்கியை வட்டியோடு கொடு! சந்தேகம் என்று சாதியைப் பார்த்து இழுத்துப் போவதை நிறுத்து!

தாலுகா ஆபீஸ் முன் திரள்வோம். விவசாயி சி.எஸ்.ஆர். ரசீதோடு வரட்டும், கூலிக்காரர் வேலை அட்டையோடு வரட்டும். இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்துக் கொடுப்போம்.