பிரிக்கத் தெரிந்த கை

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. கசக்கிக் கட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இன்னொன்றும் உண்டு. அதுவே தையலைப் பிரித்தல்.

ஆண்டு முடிவில் மேல்வகுப்பு அக்காமார் தங்கள் சீருடைகளைத் தங்கைகளுக்குக் கொடுத்துச் செல்வது நல்ல வழக்கம். ஆனால் சட்டைப் பையின்மேல் கொடுத்தவளின் பெயர் இயந்திரப் பூவேலையால் பொறிக்கப்பட்டிருந்தால், அதை அணியும் சிறுமியின் நிலை என்ன? "இது யாருடைய சட்டை?" என்னும் கேள்விக்கு அவள் நாள்தோறும் பதில் சொல்லவேண்டும். தர்மம் செய்வோர் அதைப் பறைசாற்றலாகாது என்று மலைப்பொழிவில் ஆண்டவர் போதித்தார். பெயரை நீக்காமல் கொடுத்த சட்டை பேசாமலே பறைசாற்றுகிறது. ஆகவே கொடுப்பவளே பெயரைப் பிரித்துக் கொடுப்பதுதான் முறை.

"பிரித்தால் துணி கிழிந்துவிடுமே!" என்று அஞ்சுவோர் உண்டு. மேற்புறத்தில் கத்தரியை நுழைத்தால் கிழியத்தான் செய்யும். இயந்திரப் பூவேலையில் இரு நூல்கள் உள்ளன. மேலே தெரிவது பளபளக்கும் வண்ண நூல். அடியில் அதைப் பிடித்து நிறுத்துவது பாபினிலிருந்து வரும் மெல்லிய நூல். அது பெரும்பாலும் வெள்ளை. அடிநூலை அறுத்துவிட்டால் மேல்நூலுக்குப் பிடிப்பு ஏது?

எனவே சட்டையின் உட்புறத்தைத் திருப்பி, பூவேலை வளையத்தில் இறுக்கிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் அமரவேண்டும். அடியில் தாள் போன்ற துணி வைத்துத் தைத்திருந்தால் அதைப் பிய்க்கவேண்டாம். நம் கத்திக்கும் சட்டைக்கும் இடையே அது ஒரு கவசம். எழுத்தின் நடுவே ஓடும் வெள்ளை நூலுக்குக் கீழே சீம் ரிப்பரின் முனையைத் துணிக்கு இணையாக நுழைத்து, ஒரு நேரத்தில் மூன்று நான்கு தையல்களை மட்டும் அறுக்கவேண்டும். பிறகு மேற்புறம் திருப்பி, வண்ண நூலைச் சாமணத்தால் மெல்ல எடுக்கலாம். வராத நூலை இழுக்கலாகாது. மறுபடி உட்புறம் திருப்பி, அறுபடாத இடத்தைத் தேடவேண்டும். மிஞ்சிய பிசிறுகள் ஒட்டும் டேப்பில் வந்துவிடும்.

ஊசித் துளைகள் தெரிந்தால் துணியை ஈரமாக்கி, நெடுக்கிலும் குறுக்கிலும் நகத்தால் மெல்லத் தேய்த்து இஸ்திரி போட்டால், பருத்தித் துணியில் அவை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டு, சாட்டின் போன்றவற்றில் தடம் நின்றுவிடும். அங்கே அதன்மேல் சிறு பூ ஒன்றைத் தைத்து மறைப்பதே அறிவுடைமை. பலமுறை துவைத்து வெளுத்த சட்டையில் எழுத்து இருந்த இடம் சற்றுக் கருமையாகத் தோன்றலாம். துவைக்கத் துவைக்க அதுவும் குறையும்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். பெயரைத் துணி நாடாவில் பொறித்துக் காலரின் உட்புறம் கைத்தையலாகத் தைத்துவிட்டால், பின்னர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாமே! கன்னியர்க்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு விண்ணப்பம். சங்கிலித் தையலும் காஷ்மீர்த் தையலும் கற்பிக்கும் வகுப்பில் பிரிக்கும் கலைக்கும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். தைத்த அழகை எல்லாரும் பாராட்டுவர். பிரித்த பொறுமையை எவரும் காணமாட்டார். ஆயினும், தன் சட்டை தன்னுடையதே என்று ஒரு தங்கை தலைநிமிர்ந்து நடப்பாள் அன்றோ? அந்தப் பயன் போதும், தோழியரே!