யாரும் டிக்கெட் வாங்காத படங்கள்

சில மாதங்களுக்கு முன் சென்னையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது பேச்சு எப்படியோ டாம் அண்ட் ஜெர்ரிக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் நாற்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். தீவிர இலக்கியம் பேசக் கூடிய இடத்தில் பூனையும் எலியும் நுழைந்தது பற்றி யாருக்கும் வெட்கமில்லை, எனக்கும்தான். ஒருவர் 1940 முதல் 1958 வரை வில்லியம் ஹன்னாவும் ஜோசஃப் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக எடுத்த 114 குறும்படங்களையும் ஏறக்குறைய வரிசையாகச் சொல்லக்கூடியவர். இன்னொருவர் ஸ்காட் பிராட்லியின் இசையமைப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மூன்றாமவர், 1961-62இல் ஜீன் டீச் என்பவர் பிராக் நகரில் வைத்து எடுத்த 13 படங்களை டாம் அண்ட் ஜெர்ரி என்றே ஒப்புக்கொள்ளாத கட்சி. அவரைப் பொறுத்தவரை அது ஒரு தெய்வக்குற்றம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இவை எல்லாம் திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்டவை அல்லவா, நீங்கள் எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள்? ஒருவரும் பார்த்திருக்கவில்லை. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்த பிறகு, கூடத்துத் தொலைக்காட்சியில், பள்ளிவிட்டு வந்த மாலைகளில் பார்த்தவர்கள் அவர்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் திரையரங்கில் கார்ட்டூன் பார்த்த தமிழ்த் தலைமுறை ஒன்று உண்டு. நான் அதைச் சேர்ந்தவன். எங்களில் ஒருவர்கூட அந்தப் படங்களுக்காக ஏங்கியதை நான் கண்டதில்லை. இந்த வேற்றுமைதான் அன்றிரவு முழுவதும் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கள்ளக்குறிச்சி. அப்போது தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் வந்தது 1993இல், கள்ளக்குறிச்சியே மாவட்டமானது 2019இல். ஊரைச் சுற்றிக் கரும்பு, மேற்கே கல்வராயன் மலை நீலக்கோடாகத் தெரியும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் அறுவடை முடிந்த கையோடு டூரிங் கொட்டகை முளைத்துவிடும். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் எழுந்தால் இரண்டு மைல் சுற்றளவுக்கு மாட்டை அவிழ்த்துக் கட்டுகிறவன் கை வேகப்படும். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வோம், முன்னால் இருப்பவனின் தலை மறைக்கும்வரை அது நமது சிம்மாசனம். ஒரே ஒரு ப்ரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. படத்துக்கு முன்னால் விளம்பரச் சிலைடுகள், அதற்குப் பிறகு எங்கள் வாயில் மொத்தமாக 'நியூஸ் ரீல்' என்று பெயர்பெற்ற ஒன்று. வெள்ளம், அணைக்கட்டு, பிரதமர் கைகுலுக்கல். பம்பாயில் உட்கார்ந்து யாரோ கணீரென்று வாசிக்கும் ஒரு விசித்திரத் தமிழ். பெரியவர்கள் அந்த நேரத்தில் பீடி பற்றவைக்க வெளியே போவார்கள். "இன்னும் படம் போடல, நியூஸ்தான் ஓடுது" என்பது எங்கள் ஊரில் அவசரப்பட வேண்டாம் என்பதற்கான சொலவடையாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்த நியூஸ் ரீல் சில நாட்களில் நியூஸ் ரீலாக இருக்காது. கோட்டோவியங்கள் அசையும். குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, தேச ஒற்றுமை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லும். ஆனால் எங்களுக்கு அது சொன்ன விஷயம் முக்கியமில்லை, ஒரு கோடு வளைந்து மனிதனாவதுதான் முக்கியம். அவை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு எடுத்த படங்கள் என்பது எனக்குத் தெரிய இன்னும் இருபது வருடங்கள் ஆயின.

1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூனுக்கென்று தனிப்பிரிவு 1956இல் வந்தது. பயிற்சி தர அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் வந்தவர் கிளேர் வீக்ஸ், வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் ‘பேம்பி’ போன்ற படங்களில் வேலை செய்தவர். மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவிலேயே பிறந்தவர் என்பது கூடுதல் சுவாரசியம். அவர் வழிகாட்டலில் 1957இல் வெளிவந்த ‘தி பான்யன் டீர்’ ஜாதகக் கதை ஒன்றைச் சொல்வது, அஜந்தா ஓவியங்களின் சாயலில் வரையப்பட்டது. டிஸ்னிக்காரர் கற்றுக்கொடுத்த கை, அஜந்தாவைப் பார்த்துப் போட்ட கோடு. இந்தக் கலவையைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதலாம்.

அங்கே 1956இல் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, மேற்படிப்புக்குப் பம்பாய் போய், அதை விட்டுவிட்டுப் படம் வரையப் போனவர். சத்யஜித் ரேயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’யில் (1977) ஆங்கிலேயர் அவதைக் கபளீகரம் செய்த கதையைக் கேலியாகச் சொல்லும் அசைவூட்டப் பகுதி அவர் செய்தது. 2014இல் பத்மஸ்ரீ, 2019இல் மறைவு. பிரமோத் பதி இன்னொருவர். பிராகில் பொம்மலாட்டப் பட மேதை யிரி த்ரன்காவிடம் பயின்று வந்தவர், 1975இல் இளம் வயதிலேயே போய்விட்டார். என் நண்பர் டாம் அண்ட் ஜெர்ரியைக் கெடுத்ததாகச் சபிக்கும் அதே பிராக் நகரத்திலிருந்துதான் எங்கள் கொட்டகைக்கும் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 24 சட்டகங்கள். பத்து நிமிடப் படத்துக்கு 14,400. ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் ஏழாயிரத்துச் சொச்சம் சித்திரங்கள், அதுவும் திரையில் ஒரே ஓர் உருவம் அசையும் என்றால். மான் கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். பென்சிலில் வரைந்து, ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசி, ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கீழே வைத்து எடுத்தவை. இத்தனைக்குப் பிறகு அது கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கொட்டகைக்கு வரும்போது முதுகெல்லாம் கீறல் விழுந்திருக்கும், மாமன் மச்சான்கள் வெளியே பீடி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அந்தக் காலத்தில் ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். கார்ட்டூன் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நல்லா இருக்குது தம்பி. நியூஸ் ஓடுறப்பதான் நாங்க கார்பன் குச்சியைச் சரி பண்ணுவோம், போகஸ் பாப்போம். மெயின் படம் ஆரம்பிக்கறப்ப மங்கலா இருந்தா சனங்க விசிலடிச்சே கொன்னுடுவாங்க. கார்ட்டூன் வந்தா எங்களுக்கு வசதி. வெறும் கோடுதானே, கோடு கூர்மையாத் தெரிஞ்சா போகஸ் சரின்னு அர்த்தம்." எம்.ஜி.ஆர். முகம் துல்லியமாகத் தெரிவதற்காக ராம் மோகன் வகையறாக்கள் ஏழாயிரம் சித்திரம் வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் படங்கள் ஏன் ஓடின என்றால், ஓட்டியே ஆகவேண்டும் என்பதால். ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த படத்தை 2,000 அடி வரை, அதாவது சுமார் 22 நிமிடம், காட்டவேண்டும் என்பது உரிம நிபந்தனை. அதற்கு வாடகையாக நிகர வசூலில் நூற்றுக்கு ஒன்றைக் கொட்டகைக்காரரே கட்டவேண்டும். இதை எதிர்த்துத் திரையரங்கு உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் 1999இல் தோற்றார்கள். இந்தக் கட்டாயத்தைச் சுட்டிக்காட்டித்தான் நம்மவர்கள் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன்களை ஒதுக்குகிறார்கள்: அரசாங்கப் பிரச்சாரம், யாரும் விரும்பிப் பார்க்காதது, அமெரிக்கப் படங்களைப் போல மக்கள் காசில் வளர்ந்ததல்ல.

இந்தக் கடைசி வாதம்தான் தவறு. டாம் அண்ட் ஜெர்ரிக்கு மட்டும் யார் டிக்கெட் வாங்கினார்கள்? அங்கும் பெரும்படம்தான் டிக்கெட், கார்ட்டூன் அதன் முதுகில் ஏறி வந்தது. தங்கள் பெரும்படம் வேண்டுமென்றால் இதையும் சேர்த்து எடு என்று ஸ்டுடியோக்கள் தியேட்டர்காரர்கள் தலையில் கட்டின. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அந்தக் கட்டுச்சரக்கு வியாபாரத்தைத் தடை செய்தது. அதன்பின் குறும்படங்களுக்குக் கொடுக்கத் தியேட்டர்களுக்கு மனமில்லை, சிறிது சிறிதாக அந்தக் கலையின் மூச்சு நின்றது. அங்கே கட்டாயப்படுத்தியது கம்பெனி, இங்கே சர்க்கார். இரண்டு இடத்திலும் கட்டாயத்தின் நிழலில்தான் அந்தச் செடி வளர்ந்தது. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். நமது நல்ல சிறுகதைகளில் எத்தனை, தொடர்கதைக்காகக் காசு கொடுத்து வாங்கப்பட்ட வார இதழ்களின் ஓரப் பக்கங்களில் வந்தவை!

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. பழைய படங்களையே மறுபடி வெளியிட்டால் கிட்டத்தட்ட புதுப்படத்தின் வருமானம் வந்துவிடுகிறது, பிறகு புதியது எதற்கு என்று நிர்வாகம் கணக்குப் பார்த்தது. ஏழு ஆஸ்கர் வாங்கிய தொடர் அது (மேடையேறி வாங்கியவர் தயாரிப்பாளர் ஃப்ரெட் க்விம்பி, வரைந்தவர்கள் அல்ல என்பது தனிக்கதை). பார்த்ததையே மீண்டும் பார்க்கச் சலிக்காத ரசிகர்களின் பிரியமே அந்தப் பிரிவின் கழுத்தில் சுருக்காக விழுந்தது. என் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை.

ஆகவே தொலைக்காட்சியில் கிடைத்ததைக் கொண்டாடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. என் புகார் என் தலைமுறையின்மேல்தான். பார்த்தவர்கள் நாம். விஷயம் தெரிந்தவர்களும் நம்மில் உண்டு. ஆனால் நமது ஏக்கம் முழுவதையும் கதாநாயகர்களுக்கும் பாட்டுகளுக்கும் கொடுத்துவிட்டோம். மணல் மேட்டைப் பற்றி, முறுக்கு விற்றவனைப் பற்றி எழுதாத எழுத்தாளர் இல்லை. திரையில் அசைந்த கோட்டைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

மலைமேல் கதை வேறு. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அரசு அவற்றை ஒழித்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் வெள்ளிமலைப் பக்கம் ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவர், விளம்பர வேன் வந்து ஜெனரேட்டர் வைத்து 16 எம்.எம். படம் காட்டிய ஓர் இரவைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறார். பள்ளிச் சுவரை ஒட்டி வேட்டியைக் கட்டித் திரை. கூட்டத்தில் பலர் சினிமாவே பார்த்திராதவர்கள். அவர்கள் வாழ்க்கையின் முதல் படம் ஒரு கார்ட்டூன்: மான் கூட்டம், வேட்டையாடும் ராஜா, நாளுக்கொரு மான் என்று ஒப்பந்தம், சினைமானின் முறை வரும்போது மான்களின் அரசன் தானே போய்த் தலையைக் கொடுக்கிறான். நண்பருக்குப் படத்தின் பெயர் தெரியாது. கதையைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

பீடி குடிக்க யாரும் எழுந்து போகவில்லையாம். மறுநாள் காலை ஒரு மலைவாசிப் பெரியவர் பள்ளிக்கூடத்துக்கே தேடி வந்து முறையிட்டிருக்கிறார். "சினையா இருக்கிற மானை எந்த வேட்டைக்காரனும் தொடமாட்டான் வாத்தியாரே. அது ராஜா வேட்டை, எங்க வேட்டை இல்லை. நம்மாளுங்க அப்படின்னு பிள்ளைங்க நெனச்சுக்கப் போவுது, சொல்லி வையுங்க." தமிழ்நாட்டில் ஃபிலிம்ஸ் டிவிஷன் படத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

2022இல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் பணிகள் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்கு மாற்றப்பட்டன. பல படங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். முன்னோடிகளும் உண்டு: 1915இல் தாதாசாகேப் பால்கே தீக்குச்சிகளை அசைத்தார், 1934இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் ‘பீ பிரதர்ஸ்’ எடுத்தது. நமக்கு நெருக்கமானது, 1947இல், ‘சந்திரலேகா’வுக்கு முந்தைய வருடம், ஜெமினி ஸ்டுடியோவில் ஓவியர் தாணு செய்த ‘சினிமா கதம்பம்’ என்ற கார்ட்டூன். ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தைப் பற்றி எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட அதைப் பற்றி எழுதப்படவில்லை. அதை அரங்கில் பார்த்தவர்களுக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல் ஆகியிருக்கும். வீட்டில் அந்த வயதுப் பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே, சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பினாலும் போதும், சேர்த்து வைக்கிறேன்.