மரைன்லாண்ட் மூடியாயிற்று, திமிங்கிலங்கள் எங்கே போகும்?

கனடாவிலிருந்து மகளோ மகனோ வீசாவுக்கு ஒழுங்கு செய்து கூப்பிட்டால், யாழ்ப்பாணத்திலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ போகும் அம்மம்மாவுக்கும் அம்மப்பாவுக்கும் நயாகரா நீர்வீழ்ச்சி காட்டப்படாமல் இருக்காது. பல வீடுகளில் அதே பயணத்தில் இன்னொரு இடமும் சேர்ந்திருந்தது. நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள மரைன்லாண்ட். அதன் தொலைக்காட்சி விளம்பரப் பாட்டு ஸ்காபரோவில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

1961 இல் ஸ்லோவேனியாவிலிருந்து குடியேறிய ஜோன் ஹோலர் என்பவர் தொடங்கிய பூங்கா அது. 2024 கோடையோடு அதன் வாயில் மூடப்பட்டது. 2025 இல் திறக்கவேயில்லை. ஆனால் 30 பெலூகா திமிங்கிலங்கள் இன்னும் உள்ளே இருந்தன. சில ரஷ்யக் கடலில் பிடிக்கப்பட்டவை, பல தொட்டியிலேயே பிறந்தவை.

பூங்கா நிர்வாகம் அவற்றைச் சீனாவின் சூஹாய் நகரிலுள்ள சிம்லோங் பூங்காவுக்கு அனுப்ப அனுமதி கேட்டது. 2025 ஒக்டோபரில் கனடாவின் கடற்றொழில் அமைச்சர் ஜோஆன் தொம்சன் அதை மறுத்தார். அங்கேயும் அவை காட்சிப்பொருளாகவே இருக்கும் என்பது காரணம். 2019 இல் நிறைவேறிய சட்டம் திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் புதிதாக அடைத்து வைப்பதையும் இனப்பெருக்கம் செய்விப்பதையும் தடைசெய்கிறது. நாட்டைவிட்டு அனுப்புவதானால் விஞ்ஞான ஆய்வுக்காகவோ விலங்கின் நலனுக்காகவோ இருக்கவேண்டும். மறுப்பு வந்ததும் நிர்வாகம் பதில் அனுப்பியது: மத்திய அரசு அவசர நிதி தராவிட்டால் பெலூகாக்களைக் கருணைக்கொலை செய்ய வேண்டிவரும். நிதி தர மத்திய அரசு மறுத்தது.

இந்த மிரட்டலைப் படித்தவர்கள் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது அதிகாரப் பங்கீடு. வெளிநாட்டுக்கு அனுப்பும் அனுமதி மத்திய அரசின் கையில். விலங்கு நலனைக் கண்காணிப்பது ஒன்ராறியோ மாகாணத்தின் கையில். மாகாண அதிகாரிகள் 2021 இலேயே, நீரின் தரம் மோசம், இங்குள்ள கடல் பாலூட்டிகள் அனைத்தும் அல்லலுறுகின்றன என்று அறிவித்திருந்தார்கள். பூங்கா அதை மறுத்தது, திறந்தும் வைத்திருந்தது, சனமும் போனது. 2019 முதல் அங்கு இறந்தவை 19 பெலூகாக்களும் ஓர் ஓர்க்காவும் என்று கனேடியன் பிரஸ் செய்தி நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையில் பொறுப்பு பந்தாக உருளும்போது நடுவில் இருப்பவருக்கு என்ன நடக்கும் என்பதை 13 ஆவது திருத்தத்தோடு வாழும் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த ஓர்க்காவின் பெயர் கிஸ்கா. 1979 இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிக்கப்பட்டது. ஐந்து குட்டிகள் ஈன்றது, ஐந்தும் இறந்தன. 2011 முதல் 2023 மார்ச்சில் சாகும்வரை தன் இனத்தில் துணையின்றித் தனியே கிடந்தது. தொட்டிச் சுவரில் தலையை மோதும் அதன் காணொளி 2021 இல் பரவியபோது, சில நண்பர்கள் அதை முள்வேலி முகாம்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெனிக் பாமில் இருந்தவர்களுக்குத் திமிங்கில உவமை தேவையில்லை, கிஸ்காவுக்கு நம் உவமையும் தேவையில்லை. அதன் கதை அதுவாகவே போதும்.

மரைன்லாண்ட் மூடியதால் கேள்வி தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பிரான்ஸிலுள்ள உறவுகள் முன்பு போன அன்ரிப் நகர மரைன்லாண்டும் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. 2021 இன் பிரெஞ்சுச் சட்டம் 2026 டிசம்பர் முதல் இத்தகைய காட்சிகளைத் தடைசெய்கிறது. அங்கும் விக்கி, கெய்ஜோ என்ற தாயும் மகனுமான இரண்டு ஓர்க்காக்கள் மூடிய பூங்காவின் தொட்டியில் எஞ்சின. ஆகவே இனி விடுமுறைத் திட்டம் ஒர்லாண்டோவின் சீவேர்ல்ட் பக்கம் திரும்பும். 2010 இல் அங்கு டோன் பிரான்ஷோ என்ற பயிற்சியாளரை டிலிகம் என்ற ஓர்க்கா கொன்றது. 2013 இல் ‘பிளாக்ஃபிஷ்’ ஆவணப்படம் வந்தது. 2016 இல் ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்விப்பதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. இருப்பவை மட்டும் அங்கேயே இருக்கின்றன.

ரிக்கற் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். வருமானம் நின்றால் முதலில் குறைவது பராமரிப்புச் செலவுதான் என்பதை நயாகரா காட்டுகிறது. நோவா ஸ்கோஷியாவில் திட்டமிடப்பட்டுள்ள கடல் சரணாலயம் இன்னும் கட்டி முடியவில்லை. 2021 இல் கனெக்டிகட்டின் மிஸ்டிக் காட்சியகத்துக்கு மாற்றப்பட்ட ஐந்து பெலூகாக்களில் மூன்று பின்னர் இறந்துவிட்டன. கடலில் நேரே விடவும் முடியாது, தொட்டியில் பிறந்தவற்றுக்கு இரை பிடிக்கத் தெரியாது. பூங்காக்களிடம் உரிமம் புதுப்பிக்கும்போதே, மூடினால் விலங்குகளைப் பராமரிக்கவென ஒரு வைப்புத்தொகையைக் கட்டவைப்பதுதான் என் பார்வையில் அரசுகள் முதலில் செய்யவேண்டியது. கனடாவில் வாக்குரிமை உள்ள நம்மவர்கள் தங்கள் மாகாண உறுப்பினரிடம் கேட்கக்கூடிய கேள்வி இது.

பிள்ளைகளுக்குத் திமிங்கிலம் காட்டத்தான் வேண்டுமென்றால், ஊருக்கு வரும் கோடை விடுமுறையே போதும். அப்போது தென்மேற்குப் பருவகாலம், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். திருகோணமலையில் கோணேசர் கோயில் மலையில் நின்றே, அதிர்ஷ்டமிருந்தால், நீலத் திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்த்தாரையைக் காணலாம். ரிக்கற் இல்லை, நேர அட்டவணையும் இல்லை. படகில் போவதானால் புறப்படுமுன் ஓட்டியிடம் ஒன்றைக் கேளுங்கள்: திமிங்கிலத்துக்கு எவ்வளவு கிட்டப் போவீர்கள்? “தொடுகிற தூரம்” என்று பெருமையாகச் சொன்னால் வேறு படகு பாருங்கள். மிரிஸ்ஸவில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்துவது பற்றிய முறைப்பாடுகள் ஏற்கனவே உண்டு.