பைத் துணியில் மிச்சம். தொழிலாளி நெஞ்சில் தூசி!

சிமெண்டு ஆலையில் தூசி பறந்தால் முதலாளிமார் சொல்லும் சமாதானம் இரண்டு. தூசி பிடிக்கும் பை கிழிந்துவிட்டது என்பது ஒன்று. தொழிலாளி கவனிக்கவில்லை என்பது மற்றொன்று. பை ஏன் கிழிந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதை நாம் சொல்வோம்.

இந்தப் பை சாதாரணத் துணியல்ல. நாரை ஊசியால் குத்திக் குத்திப் பின்னிய கனத்த ஃபெல்ட். அதன்மேல் படியும் தூசிப் படலமே மேலும் வரும் தூசியை வடிக்கிறது. அழுத்திய காற்றை உள்ளிருந்து அடித்து, படிந்ததை அவ்வப்போது உதறிவிடுகிறார்கள். இதில் மந்திரம் எதுவுமில்லை. எந்த இடத்துக்கு எந்த நார் என்பதே கேள்வி.

பாலியெஸ்டர் ஃபெல்ட் மலிவானது. உலர்ந்த காற்றில் சுமார் 130 டிகிரி சென்டிகிரேடு சூட்டைத் தாங்கும். மூட்டை பிடிக்கும் இடத்துக்கு அது போதும். ஆனால் கிளிங்கரை ஆறவைக்கும் கூலரின் சூட்டுக்கு, சுமார் 200 டிகிரி தாங்கும் அராமிட் வேண்டும். சூளைப் புகைக்குச் சுமார் 260 டிகிரி தாங்கும் கண்ணாடி நார்ப் பை வேண்டும். சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் பாலியெஸ்டர் 130 டிகிரிக்குக் கீழேயே இற்றுப்போகும். சூடான இடத்தில் மலிவுப் பையை மாட்டிவிட்டு, கிழிந்ததும் தொழிலாளிமேல் பழி போடுவது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

பைகளின் எண்ணிக்கையிலும் இதே கதைதான். பையைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால், தூசி ஃபெல்ட்டுக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். காற்றின் இழுவை குறைந்து, கிளம்பிய இடத்திலேயே தூசி பறக்கும்.

தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள்! சிமெண்டு அரைக்கும் மில்லில் பை பிடிக்கும் தூள் விற்பனைச் சரக்கு. அங்கே பை கிழிந்தால் பறப்பது முதலாளியின் காசு, ஆகவே அவசரம். கல் உடைக்கும் கிரஷரில் கிழிந்தால் பறப்பது வெறும் கல்தூசி. ஆகவே நாளை பார்க்கலாம்!

அந்தக் கல்தூசியிலும் மணல் தூசியிலும் சிலிக்கா உண்டு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறிய தூள், கண்ணுக்குத் தெரியாமலே நுரையீரலின் ஆழம் வரை செல்லும். அது கொண்டுவரும் சிலிகோசிஸ் நோயைக் குணமாக்க மருந்தில்லை. பை வடிக்காததைத் தொழிலாளியின் நெஞ்சு வடிக்கிறது. அரியலூர் போன்ற வட்டாரங்களில் ஆலையும் வயலும் அடுத்தடுத்து இருக்கின்றன. வேலி தாண்டி வரும் தூசி, களை எடுக்கும் விவசாயத் தொழிலாளியையும் விடாது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 14ஆம் பிரிவில், தூசியைத் தொழிலாளி சுவாசிக்காமல் தடுக்கும் பொறுப்பை ஆலைமேல் வைத்தது. 2025 நவம்பர் 21இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. சட்டம் மாறலாம், நம் நுரையீரல் மாறவில்லை!

கூலியும் போனசும் கேட்பதுபோல், சங்கம் சரியான பையையும் கேட்க வேண்டும். காற்றின் சூடு எவ்வளவு, பை எந்த நார், மாட்டிய தேதி எது என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதித் தொங்கவிடச் சொல்வோம். அழுத்தம் காட்டும் மீட்டரைத் தொழிலாளியின் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கச் சொல்வோம். முள் எப்போதும் உயர்ந்தே நின்றால் பை அடைத்திருக்கும். திடீரென்று விழுந்தால் கிழிந்திருக்கும். இதை அறிய எஞ்சினீயர் பட்டம் வேண்டியதில்லை.

மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள் என்னும் உபதேசம் போதும். சூட்டுக்கேற்ற பையைக் கொடு!